கண் தெரியாதவருக்குக் கைகொடுக்கும் கருவிகள்



லயத்தில் ஒரு பிள்ளைக்குக் கண் தெரியவில்லை என்றால், "பாவம், அது என்னத்த செய்யப்போவுது" என்று மூலையில் உட்கார வைத்துவிடுகிறோம். பெற்றோர் கொழுந்து மலைக்குப் போனதும் பிள்ளையின் பகல் முழுவதும் சுவரோரமாகவே கழிகிறது. இது தேவையில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பாருங்கள். கைதடி நவீல்ட் பாடசாலையில் பார்வையற்ற பிள்ளைகள் தமிழிலேயே படிக்கிறார்கள். சுன்னாகம் வாழ்வகமும் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்க உதவுகிறது. இவர்களுக்குப் பயன்படும் கருவிகள் எல்லாமே விலை கூடியவை அல்ல.

1. வெள்ளைப் பிரம்பு: நேரான, லேசான கம்பு போதும். நிலத்தில் ஊன்றினால் நெஞ்சு எலும்பு வரை வரவேண்டும். நடக்கும்போது இடது கால் முன்னே போனால் நுனி வலப்பக்கம் தட்டவேண்டும். வலது கால் போனால் இடப்பக்கம். அடுத்த கால் வைக்கும் இடத்தில் கானா, படியா என்று முன்பே தெரிந்துவிடும்.

2. பிரெயில்: கண் தெரியாத லூயி பிரெயில் பிரான்சில் 1824 இல் உருவாக்கியது. ஆறு புள்ளிகள்தான், அவற்றை மாற்றி மாற்றி வைத்தால் 63 குறிகள் வரும். 'அ' வுக்கு ஒரு புள்ளி, 'க' வுக்கு இரண்டு. துளைச் சட்டத்தில் தடித்த தாளை வைத்து, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்தவேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேலெழும்பி நிற்கும். விரலால் இடமிருந்து வலமாக வாசிக்கலாம்.

3. பேசும் போன்: அன்ரொயிட் போனின் செட்டிங்ஸில் 'டோக்பேக்' உண்டு. தனியாகக் காசு கட்டவேண்டாம். தொட்டால் பெயரைச் சொல்லும்; இருமுறை தட்டினால் திறக்கும். தமிழ்க் குரலும் கிடைக்கும். கணினிக்கு 'என்விடிஏ' இலவசம். 2006 இல் அதைத் தொடங்கியவர் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்.

முதலில் கண் வைத்தியரிடம் காட்டுங்கள். கண்புரை என்றால் சத்திரசிகிச்சையால் பெரும்பாலும் பார்வை திரும்பும். மற்றவர்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு, பிரம்புக்கும் பாடசாலைக்கும் வழி கேளுங்கள். வலது குறைந்தோர் என்பதற்காகக் கல்வி நிலையத்தில் சேர்க்க மறுக்கக்கூடாது என்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது.

விரல் பழகுவதற்குச் சின்ன வயசுதான் நல்லது. ஆகவே "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று தள்ளிப்போடாதீர்கள். பிள்ளையை மூலையிலிருந்து வாசலுக்குக் கூட்டி வருவோம்.