நரியைப் பரியென்று நம்பலாமா? மின்னஞ்சல் மோசடியும் நம் வணிகமும்



மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரில், நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்த கதை குழந்தைகளுக்கும் தெரியும். பாண்டியன் குதிரைகளைப் பார்த்து மகிழ்ந்தான். கயிறு மாற்றி வாங்கி லாயத்தில் கட்டினான். இரவில் அத்தனையும் நரிகளாகி ஓடின. கயிறு மாறிய பிறகு விற்றவரைக் கேட்க முடியாது என்பது குதிரை வாணிக வழக்கு. அது இறைவனின் திருவிளையாடல். இன்று கம்ப்யூட்டர் வழியே அதே வேடத்தில் வருவது திருட்டு.

ஓர் உதாரணம் பார்ப்போம். திருவாதவூர் மளிகைக் கடைக்காரர் ஒருவர் விருதுநகர் மொத்த வியாபாரியிடம் 50 மூட்டை துவரம்பருப்புக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். பில் மின்னஞ்சலில் வருகிறது. பெயர் சரி, தொகை சரி. அடியில் ஒரு வரி: "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்கில் செலுத்தவும்." கடைக்காரர் பணம் அனுப்புகிறார். நான்கு நாள் கழித்து உண்மையான வியாபாரி போன் செய்து பாக்கி கேட்கிறார். நஷ்டம் யாருக்கு? இருவருக்கும் இடையே பல வருட நாணயம் கெட்டுப்போகிறது.

இது எப்படி நடக்கிறது? தபாலில் அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் சரிபார்ப்பதில்லை. மின்னஞ்சலும் அப்படித்தான் அமைக்கப்பட்டது. 1982-இல் அதன் விதிகள் வகுக்கப்பட்டபோது, ஒருவரையொருவர் நம்பும் சிறு வட்டமே அதைப் பயன்படுத்தியது. ஆனால் அதற்கு முன்பே, 1978-இல், அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனையாளர் ஒருவர் சுமார் 400 பேருக்குக் கேட்காமலே விளம்பரம் அனுப்பிவிட்டார். முதல் குப்பை அஞ்சல் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

சொந்தப் பெயரில் மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கும் மொத்த வியாபாரிகள் செய்ய வேண்டியவை இவை. உங்கள் கம்ப்யூட்டர்காரரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள்.

முதலாவது, எஸ்.பி.எஃப். "எங்கள் பெயரில் கடிதம் கொண்டுவர இந்த சர்வர்களுக்கு மட்டுமே அனுமதி" என்று உங்கள் டொமைன் பதிவில் எழுதி வைக்கும் பட்டியல் இது. நம் சரக்கை ஏற்ற எந்த லாரிகளுக்கு அனுமதி என்று குடோன் வாசலில் ஒட்டுவது போல.

இரண்டாவது, டி.கே.ஐ.எம். ஒவ்வொரு கடிதத்தின் மீதும் விழும் அரக்கு முத்திரை. வழியில் யாராவது கணக்கு எண்ணைத் திருத்தினால் முத்திரை உடைந்தது தெரிந்துவிடும்.

மூன்றாவது, டிமார்க். இந்தச் சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று பெறுபவரின் சர்வருக்கு நீங்கள் இடும் உத்தரவு. எடுத்தவுடன் "திருப்பி அனுப்பு" என்று வைக்காதீர்கள். பில் போடும் சாப்ட்வேர் வேறு சர்வர் வழியே அனுப்பினால் உங்கள் சொந்த பில்லே நின்றுவிடும். சில வாரங்கள் அறிக்கை மட்டும் வாங்கிப் பார்த்து, பிறகு படிப்படியாக இறுக்குங்கள்.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவோருக்கு இம்மூன்றையும் கட்டாயமாக்கின. எனவே விலைப்பட்டியலை ஏராளமானோருக்கு அனுப்புகிறவர்கள் இதைத் தள்ளிப்போட முடியாது.

சொந்த சர்வர் வைத்திருப்போர், பாஸ்வேர்டு இல்லாமல் வெளியார் அதன் வழியே கடிதம் அனுப்பும் வழியை அடைக்க வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் மின்னஞ்சல் கணக்கை அன்றே மூட வேண்டும். நுழையும்போது பாஸ்வேர்டுடன் போனில் வரும் எண்ணையும் கேட்கும்படி வைப்பது நல்லது.

அலட்சியத்தின் விலை பெரிது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் டொமைனையே 2018 செப்டம்பரில் அதன் பதிவு நிறுவனம் நிறுத்தி வைத்தது. அச்சேவையைச் சிலர் மோசடிக் கடிதங்களுக்குப் பயன்படுத்தினர் என்ற புகாரே காரணம். குற்றம் செய்தவர் சிலர். சேவை தடைப்பட்டுத் தவித்தவர்கள் பல நாட்டு வாடிக்கையாளர்கள். அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்நிலை என்றால், நம் பெயர் குப்பை அனுப்புவோர் பட்டியலில் சேர்ந்தால் நம் பில்லை யார் பார்ப்பார்கள்?

இவ்வளவும் செய்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. பாஸ்வேர்டைத் திருடி உண்மையான பெட்டியிலிருந்தே எழுதினால், அல்லது பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் புது டொமைன் வாங்கி எழுதினால், மேற்சொன்ன மூன்றும் அதைத் தடுக்காது. ஆகவே பேங்க் கணக்கு மாறியதாக எந்தக் கடிதம் வந்தாலும் போன் செய்து கேளுங்கள். அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்ல, உங்கள் பழைய நோட்டில் உள்ள எண்ணுக்கு. மின்னஞ்சலே வைக்காத சிறு கடைக்காரருக்கும், வாட்ஸ்அப்பில் வரும் கணக்கு எண்ணுக்கும் இதே விதிதான்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்து, பேங்கிற்கும் தெரிவியுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்த வாய்ப்புண்டு.

கயிறு மாற்றும் முன் ஒரு போன்: இரண்டு நிமிட வேலை, பல வருட நாணயத்துக்குக் காவல்.