ஒரே ஆய்வேடு, நான்கு பெயர்கள்

மகன் பி.பி.ஏ. படிக்கிறான், மகள் பி.காம். படிக்கிறாள். மூன்று ஆண்டுகளில் பட்டம், அதன்பின் வேலை என்று கணக்கிட்டிருந்த புதுவைப் பெற்றோர் முன்னே நான்காம் ஆண்டு என்னும் கேள்வி வந்து நிற்கிறது. படிக்க வைப்பதா, நிறுத்திவிடுவதா? கூலி வேலையில் குடும்பம் நடத்தும் இல்லங்களில் இஃது எளிய கேள்வியன்று. ஓராண்டுக் கட்டணம் ஒருபுறம். அவ்வாண்டில் வந்திருக்கக்கூடிய சம்பளம் மறுபுறம்.

விதியை முதலில் தெரிந்துகொள்வோம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் இளநிலைப் படிப்புக்குப் புதிய அமைப்பொன்றை வகுத்தது. மூன்றாண்டு படித்து 120 கிரெடிட் பெற்றவர் பட்டத்தோடு வெளியேறலாம். நான்காண்டு படித்து 160 பெற்றவர்க்கு ஆனர்ஸ் பட்டம். முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் பெற்றவர், 12 கிரெடிட்டுக்குரிய ஆய்வொன்றைச் செய்து ‘ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ்’ பெறலாம். புதுவைப் பல்கலைக்கழகம் 2023-24 கல்வியாண்டு முதல் இவ்வழியில் இறங்கியது. தமிழ்நாட்டரசு தேசியக் கொள்கையை ஏற்கவில்லையாதலால், கடலூரிலும் விழுப்புரத்திலும் உள்ள உறவினர் பிள்ளைகளுக்கு இவ்விதி அப்படியே பொருந்தாது. நான்காண்டு முடித்தவர்க்கு முதுநிலைப் படிப்பு ஓராண்டாகச் சுருங்கவும் வழியுண்டு. ஆகவே நான்காம் ஆண்டு முழுவதும் இழப்பு என்று தள்ளிவிட வேண்டா.

ஆனால் அந்த ஆய்வு உண்மையில் நடந்தால்தான் அவ்வாண்டுக்குப் பொருளுண்டு. வணிகப் படிப்பில் மூவர் நால்வராய்ச் சேர்ந்து ‘பிராஜெக்ட்’ எழுதும் வழக்கம் நம் கல்லூரிகளுக்குப் புதிதன்று. அது பல இடங்களில் எவ்வாறு நடைபெறுகிறது என்பதும் ஊரறிந்ததே. பழைய ஆய்வேடொன்றை விலைக்கு வாங்கி, முகப்பை மாற்றி, பைண்டிங் செய்து கொடுத்துவிடுவர். இன்றோ அந்தச் செலவும் இல்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கேட்டால், பார்க்காத நூறு கடைக்காரர்கள் சொல்லாத விடைகளை அட்டவணை போட்டே கொடுத்துவிடும்! பெற்றோர் வியர்வை சிந்திக் கட்டிய பணத்துக்குக் கிடைப்பது தங்கநிற எழுத்துப் பொறித்த ஓர் அட்டை.

விலைக்கு வாங்காத குழுவிலும் வேறொரு நோய் உண்டு: ஒருவர் உழைக்க, மூவர் பெயர் எழுதிக்கொள்வது. இந்நோயை முதன்முதலில் அளந்து பார்த்தவர்களுள் ஒருவர் மாக்ஸ் ரிங்கெல்மான் என்னும் பிரெஞ்சு வேளாண் பொறியாளர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து அவர் கண்ட முடிவுகள் 1913-இல் வெளியாயின. தனியாக இழுப்பவனின் வலிமையை 100 எனக் கொண்டால், இருவர் சேர்ந்தபோது ஆளுக்கு 93, மூவராயின் 85, எண்மராயின் 49 எனக் குறைந்தது. நம் ஆலயத் திருவிழாக்களில் தேர் வடம் பிடித்தவர்களுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு வரும். வடத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு நடந்து வருபவர் எத்தனை பேர் என்பதை அவர்களைவிட யார் அறிவார்?

1979-இல் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ் என்னும் அமெரிக்க உளவியலார் மூவர் (அதுவும் குழு ஆய்வே) இதனைத் துருவி ஆராய்ந்தனர். கைதட்டச் சொன்னபோதும் கூவச் சொன்னபோதும் கூட்டத்தில் ஒவ்வொருவர் முயற்சியும் குறைந்தது. 1981-இல் அவர்கள் கண்டது இன்னும் பயனுள்ளது: தத்தம் பங்கு தனியே அளக்கப்படும் என்று அறிந்தபோது, கூட்டத்தில் இருந்தும் எவரும் சோம்பவில்லை. மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் தாலந்து பெற்ற ஊழியர் மூவரையும் தலைவர் ஒன்றாய் நிறுத்திக் கணக்குக் கேட்கவில்லை, ஒவ்வொருவராகவே கேட்டார். நம் கல்லூரிகளும் அவ்வாறே கேட்க வேண்டும். யார் எந்த நாளில் எங்குச் சென்றார், எந்த அட்டவணை யாருடைய கையால் ஆனது என்று காட்டும் நாட்குறிப்பொன்று குழுவுக்கு இருக்கட்டும். வாய்மொழித் தேர்வில் ஒருவர் எழுதிய பகுதியைப் பற்றி மற்றவரைக் கேட்கட்டும்.

சேர்ந்து கற்றவர்கள் சேர்ந்தே தொழில் நடத்தியதற்கு ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் அரிய சான்று உண்டு. 1941-இல் மொந்திராகோன் என்னும் ஊருக்கு உதவிப் பங்குக் குருவாய் வந்த அருள்தந்தை அரிஸ்மென்டியரியெட்டா, 1943-இல் ஏழைப் பிள்ளைகளுக்குத் தொழிற்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவரிடம் கற்ற ஐவர் 1956-இல் எண்ணெய் அடுப்புச் செய்யும் ஆலையை நிறுவினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘உல்கோர்’; ஐவர் குடும்பப் பெயர்களின் எழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர். குழுவின் பெயருக்குள்ளே ஒவ்வொருவர் பெயரும்! அதிலிருந்து வளர்ந்த கூட்டுறவுக் குடும்பம் இன்று ஏறத்தாழ 70,000 பேருக்கு வேலை தருகிறது. அதன் வீட்டுச் சாதனக் கிளையான ஃபாகோர் 2013-இல் நொடித்துப் போனதையும் மறைக்க வேண்டியதில்லை. அக்குருவானவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

நம் பிள்ளைகள் ஆய்வுக்குப் பொருள் தேடிப் பெருநகருக்குப் போக வேண்டுமோ? கருவடிக்குப்பம் போதும். பாரதியாரின் குயில் பாட்டுக்குப் பிறப்பிடமெனப் போற்றப்படும் மாந்தோப்பு அவ்வூரில் உள்ளது; இன்றோ ஊரைச் சுற்றிக் கடைத்தெருக்கள் பெருகிவிட்டன. அங்குள்ள சிறு மளிகைக் கடைகளில் கடன் நோட்டு இன்னும் புழங்குகிறதா, 2016-இல் யு.பி.ஐ. வந்தபின் குறைந்துவிட்டதா? வணிக மாணவர் நால்வர்க்கு ஓராண்டு வேலை இக்கேள்விக்குள் இருக்கிறது.

பிரதான சாலையில் கண்ணில் பட்ட கடைகளை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் விடை பொய்யாகும். கடன் கொடுப்பது பெரும்பாலும் உள்தெருக் கடை. ஆகவே முதலில் தெருத்தெருவாய் நடந்து எல்லாக் கடைகளையும் பட்டியலிட வேண்டும். பிறகு மூன்றுக்கு ஒன்றாய்ப் பொறுக்க வேண்டும். பொறுக்கிய கடை பூட்டியிருந்தால் மறுநாள் திரும்பிச் செல்ல வேண்டுமேயன்றி, பக்கத்துக் கடையில் கேட்டு எழுதிக்கொள்ளலாகாது. கைப்பேசியில் வினாத்தாளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தால் நண்பர்களின் விடைதான் வரும். நோட்டில் கண்ட வாடிக்கையாளர் பெயரை ஒருபோதும் குறித்தல் கூடாது. வரி அதிகாரியோ என அஞ்சும் கடைக்காரரிடம் கல்லூரிக் கடிதத்தைக் காட்ட வேண்டும். ஒருவர் கேட்க, மற்றவர் எழுதலாம். மறுவாரம் பணியை மாற்றிக்கொள்ளலாம். ஒரே விடையை இருவர் இருவிதமாய்ப் புரிந்துகொண்டால், மூன்றாமவர் அந்தக் கடைக்கே போய்க் கேட்டு வரட்டும். தனி ஆய்வில் இந்தத் தவறு வெளிப்பட்டிருக்காது. குழுவின் மெய்யான பயன் இதுவே என்பது என் எண்ணம். வேலை குறைவது அன்று.

பெண்பிள்ளையைத் தெருவில் அலைய விடுவதா என்று தாய்மார் தயங்குவர். ஆண்டவர் தம் சீடரை இருவர் இருவராகவே அனுப்பினார் என்று மாற்கு கூறுகிறார். தோழியோடு பகல் வேளையில் போய்வரட்டும், தடுக்க வேண்டா.

கல்லூரி விதி ஆனர்ஸ் ஆய்வைக் குழுவாய்ச் செய்ய இடந்தருகிறதா, ஏட்டைத் தனித்தனியே எழுத வேண்டுமா என்பதை ஐந்தாம் பருவத்திலேயே வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டறிவது நலம். ஆய்வு முடிந்ததும், கண்டதை இரண்டு பக்கத்தில் நல்ல தமிழில் சுருக்கி, விடை சொன்ன கடைக்காரர் ஒவ்வொருவரிடமும் நேரில் கொடுத்து வர வேண்டும். அவர்கள் வியாபார நேரத்தை விட்டுக்கொடுத்தவர்கள்; தங்கள் தெருவைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று படித்துப் பார்க்க அவர்களுக்கும் ஆவலிருக்கும்.