உங்களுக்குத் தெரியுமா? பதினேழு பேர் நின்றால் யார் ஜெயிப்பார்?

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைக் கட்சித் தலைமை கைகாட்டிவிட முடியாது. மாநிலம் மாநிலமாக நடக்கும் பிரைமரி, காக்கஸ் தேர்தல்களில் ஆதரவாளர்கள் ஓட்டுப் போட்டுத்தான் முடிவாகும். களத்தில் இரண்டு பேர் என்றால் ஆரூடம் சொல்வது எளிது. பத்துப் பதினைந்து பேர் முண்டியடிக்கும்போதுதான் பழம் தின்று கொட்டை போட்ட அரசியல் நிபுணர்களே கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், அவர்கள் முன்னால் ஓடுகிறவரையே பார்க்கிறார்கள். யார் எந்த நேரத்தில் விலகப்போகிறார் என்று பார்ப்பதில்லை.

● டிரம்ப் குடியரசுக் கட்சியின் வேட்பாளரானால் இந்தப் பத்தியையே தின்றுவிடுகிறேன் என்று 2015 அக்டோபரில் எழுதினார், வாஷிங்டன் போஸ்ட் பத்தியாளர் டேனா மில்பேங்க். வாசகர்கள் மறக்கவில்லை. 2016 மே மாதம், சமையற்கலைஞர் ஒருவர் செய்தித்தாளை நறுக்கிச் சேர்த்து விதவிதமாகச் சமைத்துக் கொடுக்க, அத்தனையையும் கேமரா முன்னால் உட்கார்ந்து தின்றார். வாக்குத் தவறாத பத்திரிகையாளர்!

● தேர்தல் புள்ளிவிவரப் புலி என்று பெயரெடுத்த நேட் சில்வர் 2015 ஆகஸ்டில் டிரம்புக்குக் கொடுத்த வாய்ப்பு சுமார் 2 சதவீதம். அடுத்த ஆண்டு மே மாதம், எங்கே தப்பு செய்தேன் என்று நீண்ட கட்டுரை எழுதினார்.

● அந்த 2016 தேர்தலுக்குக் குடியரசுக் கட்சியில் முக்கிய வேட்பாளர்கள் மட்டும் 17 பேர். ஒரே மேடையில் அத்தனை பேரையும் நிறுத்த முடியாமல் ஃபாக்ஸ் நியூஸ் ஒரு வழி செய்தது. ஐந்து கருத்துக்கணிப்புகளின் சராசரியை எடுத்து, முதல் 10 பேருக்கு இரவு நேர விவாதம், மீதி 7 பேருக்குச் சாயங்காலமே தனி விவாதம். 2015 ஆகஸ்ட் 6, கிளீவ்லேண்ட் நகரம். பெரிய மேடையைப் பார்த்தவர்கள் 2 கோடியே 40 லட்சம் பேர். பத்தாவது இடத்தில் தொற்றிக்கொண்டு மேடையேறியவர் ஜான் கேசிக். பதினோராவது ரிக் பெர்ரி. இருவருக்கும் இடைவெளி 2 சதவீதத்துக்கும் குறைவு. செப்டம்பரில் முதல் ஆளாக மூட்டை கட்டியவர் பெர்ரி. டிரம்பை எதிர்த்துக் கடைசிவரை நின்றவர் கேசிக்!

● இப்படிப் பத்தாவது, பதினோராவது என்று வரிசைப்படுத்துவதே ஒரு கேலிக்கூத்துதான். 400 பேரிடம் எடுக்கும் கருத்துக்கணிப்பில் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 5 சதவீதம் வரை போகும். 17 பேரில் பாதிப் பேர் 1 சதவீதம், 2 சதவீதம், 3 சதவீதம் என்று நிற்கும்போது யார் முன்னே, யார் பின்னே என்பதைச் சீட்டுக் குலுக்கியே சொல்லியிருக்கலாம்.

● 2020 பிப்ரவரி 1. அயோவா மாநிலத்தில் ஓட்டுப்பதிவுக்கு இரண்டே நாள். ‘டி மாயின் ரெஜிஸ்டர்’ நாளிதழின் கருத்துக்கணிப்பை நாடே எதிர்பார்த்திருந்தது. அதை அறிவிக்க சிஎன்என் நேரலை நிகழ்ச்சிகூட வைத்திருந்தது. கடைசி நேரத்தில் எல்லாம் ரத்து. தன்னிடம் வாசித்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பட்டியலில் பீட் புட்டிஜெஜ் பெயரே இல்லை என்று தொலைபேசியில் பதில் சொன்ன ஒருவர் புகார் செய்திருந்தார். கேள்வி கேட்ட ஊழியர் கணினித் திரையில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்ததால், பட்டியலின் கடைசிப் பெயர் திரைக்கு வெளியே போயிருக்கலாம் என்பது பிறகு வந்த தகவல். வேட்பாளர் பட்டியல் நீண்டால் இப்படியும் ஒரு வில்லங்கம்.

● கூட்டத்தைப் பார்த்து ஓட்டுக் கணக்குப் போடும் வழக்கம் நமக்கு மட்டுமல்ல, அயோவாக்காரர்களுக்கும் உண்டு. ஏம்ஸ் என்ற ஊரில் குடியரசுக் கட்சி நடத்திய மாதிரித் தேர்தலில் ஓட்டுப் போட 30 டாலர் டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது. யார் வாங்கித் தருவது? வேட்பாளர்களேதான்! கூடாரம், சாப்பாடு, பாட்டுக் கச்சேரி எல்லாம் இலவசம். 2011 ஆகஸ்டில் 4,823 ஓட்டு வாங்கி முதலிடம் பிடித்தார் மிஷேல் பாக்மன். மூன்றாவதாக வந்த டிம் பாலென்டி மறுநாளே விலகினார். ஐந்து மாதம் கழித்து நிஜத் தேர்தல் வந்தது. பாக்மன் ஆறாவது இடம், 5 சதவீதம். 2015இல் அந்தத் திருவிழாவுக்கே மூடுவிழா நடத்திவிட்டார்கள்.

● பணம் பேசுமா? 2016 தேர்தலுக்குக் குடியரசுக் கட்சிக் களத்தில் நின்ற ஜெப் புஷ்ஷுக்காக இயங்கிய அமைப்பு 2015இன் முதல் ஆறு மாதத்திலேயே 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அப்பாவும் அண்ணனும் அதிபராக இருந்தவர்கள். அவருக்குக் கிடைத்ததோ நான்கே டெலிகேட், அதாவது கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதி. மைக்கேல் புளூம்பெர்க் 2020இல் ஜனநாயகக் கட்சிக் களத்தில் சொந்தப் பணம் 100 கோடி டாலருக்கு மேல் இறைத்தார். அவர் ஜெயித்த ஒரே இடம், பசிபிக் கடலின் நடுவே இருக்கும் அமெரிக்க சமோவா தீவுகள்.

● அயோவாவில் ஜனநாயகக் கட்சியினர் 2020 வரை நடத்திய காக்கஸைப் பார்த்தால், கணிப்பு ஏன் தவறுகிறது என்பது கண்ணெதிரே தெரியும். குளிர்கால இரவு ஏழு மணிக்குப் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்திலோ சர்ச் மண்டபத்திலோ கூடுவார்கள். ரகசிய ஓட்டெல்லாம் கிடையாது. ஆளுக்கொரு வேட்பாளர் பேரில் ஆளுக்கொரு மூலை. தலையை எண்ணுவார்கள். வந்தவர்களில் 15 சதவீதம் சேராத மூலைக்காரர்கள் வேறு மூலைக்குப் போகலாம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். அந்தச் சில நிமிடங்களில் நடக்கும் இழுபறிதான் சுவாரஸ்யம். பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளையின் வாத்தியார், சர்ச் நண்பர் எல்லாரும் வந்து, ‘உங்கள் ஆள்தான் தேறவில்லையே, எங்கள் பக்கம் வாங்க’ என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். இரண்டு பக்கமும் சமமாகி, மிச்சமிருப்பது ஒரே பிரதிநிதி இடம் என்றால் காசைச் சுண்டிவிடுவார்கள். ஆக, உங்கள் முதல் விருப்பம் யார் என்று கேட்டு எடுக்கும் கருத்துக்கணிப்பு பாதிக் கணக்குதான். இரண்டாவது விருப்பம் யார் என்பதுதான் மீதிப் பாதி.

● அதே அயோவா, 2012 ஜனவரி 3, குடியரசுக் கட்சி. மிட் ரோம்னி 8 ஓட்டில் வெற்றி என்றார்கள். இரண்டு வாரம் கழித்துத் திருத்தம் வந்தது: ரிக் சான்டோரம்தான் 34 ஓட்டு முன்னிலை, எட்டு வாக்குச்சாவடிகளின் கணக்கைக் காணோம். சான்டோரம் கொண்டாடுவதற்குள் நாட்டின் கவனம் அடுத்த தேர்தலை நோக்கித் தெற்கே திரும்பிவிட்டது. கூத்து இதோடு முடியவில்லை. ஆகஸ்டில் நடந்த கட்சி மாநாட்டில் அயோவாவின் 28 டெலிகேட் ஓட்டில் 22 ஓட்டைப் பெற்றவர், காக்கஸில் மூன்றாவதாக வந்த ரான் பால்!

● ஜெயித்தும் தோற்கலாம், தோற்றும் ஜெயிக்கலாம். 1972இல் நியூ ஹாம்ஷயர் பிரைமரியில் ஜனநாயகக் கட்சியின் எட்மண்ட் மஸ்கி 46 சதவீதம் வாங்கி முதலிடம். ஜார்ஜ் மெக்கவர்ன் 37. பக்கத்து மாநிலத்துக்காரர் இன்னும் அதிகமாக அள்ளியிருக்க வேண்டாமா என்று பத்திரிகைகள் கேட்டன, மஸ்கியின் சரிவு அங்கே தொடங்கியது. 1992இல் அதே மாநிலத்தில் எட்டு சதவீத வித்தியாசத்தில் பால் சாங்கஸிடம் தோற்ற பில் கிளின்டன், அன்றிரவே தன்னை மீண்டு வந்தவனாக அறிவித்துக்கொண்டார். ஊரும் நம்பியது.

● 1976 அயோவாவில் முதலிடம் பிடித்தது எந்த வேட்பாளரும் இல்லை. ‘யாருக்கும் இல்லை’ என்று நின்றவர்கள்தான், 37 சதவீதம். அடுத்ததாக வந்த ஜிம்மி கார்ட்டருக்குச் சுமார் 28 சதவீதம். பத்திரிகைகள் அவரை வெற்றியாளர் என்றே எழுதின. ஒரு வருடத்தில் அவர் வெள்ளை மாளிகையில்.

● கணிக்கிறவர்களின் கண்ணில் மண்ணைத் தூவிய வாரம் எது என்றால், நான் 2020 பிப்ரவரி கடைசியைத்தான் சொல்வேன். ஜனநாயகக் கட்சியில் முன்பின்னாகக் களமிறங்கியவர்கள் 25 பேருக்கும் மேல். ஜோ பைடன் அயோவாவில் நான்காவது. நியூ ஹாம்ஷயரில் ஐந்தாவது. அங்கே ஓட்டுப்பதிவு முடியும் முன்பே கிளம்பித் தெற்கே சவுத் கரோலினாவுக்குப் போய்விட்டார். பெர்னி சாண்டர்ஸ்தான் வேட்பாளர் என்று சூதாட்டச் சந்தை முதல் தொலைக்காட்சி வரை எல்லாரும் முடிவுகட்டியாயிற்று. பிப்ரவரி 26 அன்று சவுத் கரோலினாவின் கறுப்பினத் தலைவர் ஜிம் கிளைபர்ன் பைடனுக்கு ஆதரவு தந்தார். 29ஆம் தேதி பைடனுக்கு அங்கே 48 சதவீதத்துக்கு மேல். மார்ச் 1 புட்டிஜெஜ் விலகினார். மார்ச் 2 ஏமி குளோபுசார் விலகினார். அன்றிரவே இருவரும் டெக்சாஸில் பைடனுக்கு ஆதரவு அறிவித்தார்கள். பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் சூப்பர் செவ்வாயான மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் 10 பைடன் கைக்குப் போயின, குளோபுசாரின் சொந்த மாநிலமான மினசோட்டா உட்பட. சாண்டர்ஸின் ஓட்டு கரைந்துவிடவில்லை. எதிரே சிதறிக் கிடந்த ஓட்டு ஒரே வாரத்தில் ஒன்றுசேர்ந்துவிட்டது.

● இதில் பாவப்பட்ட ஒரு கூட்டமும் உண்டு. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் முன்கூட்டியே தபாலில் ஓட்டை அனுப்பி வைத்தவர்கள். எண்ணும் நாளில் அவர்கள் தேர்ந்தெடுத்த வேட்பாளர் களத்திலேயே இல்லை!

● டிரம்ப் 2016இல் கண்ட யோகம் இதற்கு நேரெதிர். எதிரிகள் விலகவே மாட்டேன் என்றார்கள். சவுத் கரோலினாவில் அவருக்கு 32.5 சதவீத ஓட்டு. கிடைத்த டெலிகேட், மாநிலத்தின் 50க்கு 50. ஃபுளோரிடாவில் 46 சதவீதத்துக்கு 99 டெலிகேட் மொத்தமும். முதலிடம் வந்தவருக்கே அத்தனையும் என்று பல மாநிலங்களில் குடியரசுக் கட்சி விதி. ஏப்ரல் 19 நியூயார்க் வரை எந்த மாநிலத்திலும் அவர் பாதி ஓட்டைத் தொட்டதில்லை. ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதம் தாண்டியவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு. இதே ஓட்டு அந்த விதியில் விழுந்திருந்தால் போட்டி இழுத்துக்கொண்டே போயிருக்கும்.

● நம்மூர்த் தொகுதி உடன்பாடு போல ஒன்றை, டிரம்பைத் தடுக்க, போட்டியில் மிஞ்சியிருந்த டெட் குரூஸும் கேசிக்கும் 2016 ஏப்ரல் 24 அன்று அறிவித்தார்கள். இந்தியானா உனக்கு, ஆரிகனும் நியூ மெக்சிகோவும் எனக்கு. சூட்டோடு சூடாக அடுத்த நாளே, இந்தியானாவில் என் ஆதரவாளர்கள் எனக்குத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்றார் கேசிக். மே 3 இந்தியானாவில் டிரம்ப் வெற்றி, அன்றிரவே குரூஸ் விலகல், மறுநாள் கேசிக்.

● கட்சிப் பெரிய மனிதர்களின் ஆதரவைப் பார்த்தால் வேட்பாளரைக் கணித்துவிடலாம் என்று நான்கு அரசியல் அறிஞர்கள் 2008இல் புத்தகமே போட்டார்கள். எட்டு வருடம் கழித்து டிரம்ப் வந்தார். பிப்ரவரி கடைசி வாரம் வரை பதவியிலிருந்த ஓர் ஆளுநர்கூட, ஒரு செனட்டர்கூட அவரை ஆதரிக்கவில்லை. புத்தகத்தை எல்லாரும் கிண்டலடித்தார்கள். பைடன் விஷயத்தில் கிளைபர்ன் வந்ததும் கிண்டல் கொஞ்சம் அடங்கியது.

● திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் தாய்வழி வேர் கொண்ட கமலா ஹாரிஸ் 2019 ஜனவரியில் ஓக்லேண்டில் பிரசாரத்தை ஆரம்பித்தபோது கூட்டம் அலைமோதியது. அதே ஆண்டு டிசம்பர் 3 அன்று, ஓர் ஓட்டுகூடப் பதிவாகும் முன், பணம் இல்லை என்று விலகினார். அவர் 2024இல் வேட்பாளரானபோதும் எந்தப் பிரைமரியிலும் அதற்காக ஓட்டு வாங்கவில்லை. பைடன் ஜூலையில் ஒதுங்கியதால் டெலிகேட்டுகள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1968இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியும் ஒரு பிரைமரியில்கூட நிற்காமலேயே வேட்பாளரானவர். அதனால் கட்சிக்குள் எழுந்த சண்டைக்குப் பிறகுதான் விதிகளை மாற்றக் குழு போட்டார்கள். குழுத் தலைவர் மெக்கவர்ன். புது விதிப்படி 1972இல் வேட்பாளரானவரும் அவரே!

● பெற்றோர் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ் பேசும் குடும்பத்தினர் என்பதால், விவேக் ராமசாமி 2024இல் குடியரசுக் கட்சிக் களத்தில் நின்றபோது நம் பக்கமும் பேச்சு அடிபட்டது. அயோவாவில் நான்காவது இடம், 8 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அன்றிரவே விலகி டிரம்பை ஆதரித்தார்.

● நியூ ஹாம்ஷயரின் டிக்ஸ்வில் நாட்ச் என்ற குட்டி ஊரில் நள்ளிரவு 12 மணிக்கே ஓட்டுப் போட்டு எண்ணி அறிவித்துவிடுவார்கள். 2024இல் மொத்தம் ஆறே ஓட்டு. ஆறும் டிரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலிக்கு! அன்று சாயங்காலம் மாநிலம் டிரம்புக்குப் போனது.

● நாட்டிலேயே முதல் பிரைமரி எங்களுடையதுதான் என்று நியூ ஹாம்ஷயரில் சட்டமே இருக்கிறது. 2024இல் ஜனநாயகக் கட்சித் தலைமை, சவுத் கரோலினாதான் முதல் என்றது. நியூ ஹாம்ஷயர் கேட்கவில்லை. ஜனவரி 23 அன்று தேர்தலை நடத்தியே தீர்த்தது. பதிலுக்குப் பைடன் வாக்குச்சீட்டில் பெயரே கொடுக்கவில்லை. சீட்டில் இருபது பெயருக்கு மேல் அச்சாகியிருந்தும், மக்கள் பேனாவால் பைடன் பெயரை எழுதிப் போட்டு அவரையே ஜெயிக்க வைத்தார்கள்.