சிறுநீரகம் பொருந்துமா, பொருந்தாதா?
ஒரு துளி இரத்தத்தில் விடை கண்ட பால் தெராசாகி

ஊரில் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். "என்னுடையதில் ஒன்றைத் தருகிறேன்" என்று சாகண் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி முன்வருகிறார். டாக்டர் உடனே கத்தியை எடுப்பதில்லை. முதலில் இருவருடைய இரத்தத்தையும் சோதனைக்கு அனுப்புகிறார். இரத்தப் பிரிவு சேர்ந்தால் மட்டும் போதாது. 'கிராஸ் மேட்ச்' சோதனையிலும் தேற வேண்டும். இந்தச் சோதனையின் அவசியத்தை உலகுக்கு நிரூபித்தவர்களில் முதன்மையானவர் பால் தெராசாகி.

முள்வேலிக்குள் மூன்றாண்டு

பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற ஜப்பானியப் பெற்றோருக்கு 1929-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தவர் தெராசாகி. உலகப் போரின்போது, 1942-ல், ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. தெராசாகி குடும்பமும் அரிசோனா பாலைவன முகாமில் மூன்றாண்டு கழித்தது. பிறந்த நாட்டிலேயே அந்நியனாக நடத்தப்பட்ட சிறுவன் படிப்பை விடவில்லை. 1956-ல் விலங்கியலில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு லண்டனில், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவாரிடம் பயிற்சி பெற்றார்.

ஆயிரத்தில் ஒரு பங்கு

1964-ல் அவர் வெளியிட்ட முறை எளிமையானது. சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒரு மில்லி லிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே திரவம். சிறுநீரகம் தருபவரின் வெள்ளணுக்களுடன் நோயாளியின் இரத்த நீரைச் சேர்ப்பார்கள். அணுக்கள் செத்தால், அந்தச் சிறுநீரகத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் நோயாளியின் உடலில் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள்.

1969-ல் பட்டேல் என்பவருடன் சேர்ந்து அவர் தந்த கணக்கு மருத்துவ உலகை உலுக்கியது. சோதனையில் எதிர்ப்புக் காட்டிய 30 பேரில் 24 பேருக்கு, பொருத்திய சிறுநீரகம் உடனே செயலிழந்தது. எதிர்ப்பு இல்லாத 195 பேரில் 8 பேருக்கே அப்படி நேர்ந்தது.

உண்மைக்குக் கொடுத்த விலை

உறவினரல்லாத, இறந்தவரிடமிருந்து பெறும் சிறுநீரகத்தில், திசுப் பொருத்தம் எதிர்பார்த்த அளவு பலன் தரவில்லை என்று 1970-ல் அவரே அறிவித்தார். தம் துறைக்கே பாதகமான முடிவு அது. ஆராய்ச்சிக்கு வந்த அரசு நிதி நின்றது. பின்னரே மீண்டும் கிடைத்தது. ஆனாலும் கணக்கை மாற்றி எழுதவில்லை. தாம் படித்த பல்கலைக்கழகத்துக்கு 2010-ல் 5 கோடி டாலர் வழங்கினார். 2016-ல், 86-வது வயதில் காலமானார்.

நமக்கு என்ன?

1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. 1994-ம் ஆண்டுச் சட்டம் உறுப்பு வியாபாரத்தைக் குற்றமாக்கியது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன், மனைவி ஆகியோர் தானம் செய்யலாம். 2011-ம் ஆண்டுத் திருத்தம் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகளையும் சேர்த்தது. எனவே தரகரை நாட வேண்டாம். வீட்டில் ஒருவருக்கு இந்த நிலை வந்தால் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "கிராஸ் மேட்ச் என்ன சொல்கிறது?"