நாற்பது வயதிலேயே காக்க வேண்டிய நினைவு

நினைவு, சொல், கணக்கு, வழியறிதல் ஆகியவை மெல்ல மெல்லக் குறைந்து, அன்றாட வேலைகளுக்கே பிறர் துணை தேவைப்படும் நிலையை டிமென்ஷியா என்கிறது மருத்துவம். இதற்குப் பெரும்பாலும் காரணம் அல்சைமர் நோய். மூளையின் ரத்தக் குழாய்கள் அடைபடுவதாலும் இது வரும். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயதின் இயல்பு. பல ஆண்டுகள் நடந்த தெருவில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பதும், ரேஷன் கடையில் மீதிச் சில்லறையைக் கணக்குப் பார்க்க முடியாமல் தவிப்பதும் நோயின் அடையாளங்கள். ‘வயசானா அப்படித்தான்’ என்று வீட்டார் விட்டுவிடுவதால் பலர் கடைசி வரை மருத்துவரைப் பார்ப்பதே இல்லை.

ராஜ்குமார், குமார், தாரா ஆகியோர் செங்கல்பட்டு மாவட்டத்தின் திருப்போரூர் கிராமப் பகுதியில் செய்த ஆய்வு 1997இல் வெளிவந்தது. அறுபது வயதைக் கடந்தவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாக அது கூறியது. 2023இல் வெளியான நாடு தழுவிய மதிப்பீடு 7.4 விழுக்காடு என்கிறது. அதாவது சுமார் 88 லட்சம் பேர். கணக்கிட்ட முறைகள் வேறு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனால் நகரத்தைவிடக் கிராமத்திலும், ஆண்களைவிடப் பெண்களிடமும் பாதிப்பு அதிகம் என்று அந்த மதிப்பீடு காட்டுவதைக் கவனிக்க வேண்டும்.

உலக அளவில் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் கூறியது. அது பட்டியலிட்ட 14 காரணங்களில் உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, புகை, மது, காற்று மாசு, தலைக்காயம், தனிமை ஆகியவை உண்டு. நடுவயதில் வரும் காது கேளாமையும் அதில் இருக்கிறது. பட்டியலில் பெரிய பங்கு கொண்டவற்றுள் அதுவும் ஒன்று. திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைக்கு இதுவே முக்கியமான செய்தி.

சிப்காட் வளாகத்தின் எஃகு உருட்டாலைகளிலும் வார்ப்படப் பட்டறைகளிலும் சத்தம் வேலையோடு சேர்ந்தே வருகிறது. 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் நாளும் எட்டு மணி நேரம் நிற்பவரின் உட்காதில் உள்ள நுண்மயிர்ச் செல்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. அழிந்தவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது மெல்லிய, கீச்சென்ற ஒலிகள். பேரக்குழந்தையின் பேச்சு புரியாது, டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்வார்கள். பிறகு எதிராளி சொல்வதைத் திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டு, கல்யாண வீட்டுக்கும் டீக்கடைத் திண்ணைக்கும் போவதையே நிறுத்திவிடுவார்கள். கேட்பதற்கே மூளை படும் கூடுதல் பாடும், பேச்சுத் துணை இல்லாத தனிமையும் சேர்ந்து நினைவாற்றலைக் குறைப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

சத்தத்தால் வரும் காது கேளாமை, 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே அறிவிக்க வேண்டிய தொழில்நோயாக இடம்பெற்றது. காதடைப்பான் மலிவான பொருள். அதை ஒப்பந்தத் தொழிலாளி, வெளிமாநிலத் தொழிலாளி என்று பாராமல் எல்லாருக்கும் கொடுப்பதும், அணியச் செய்வதும், ஆண்டுதோறும் கேள்திறன் சோதிப்பதும் நிர்வாகத்தின் கடமை. கேள்திறன் ஏற்கெனவே குறைந்தவர்களுக்குக் காதுக் கருவி உதவும். 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி அணிந்த எல்லாரிடமும் பலன் தெரியவில்லை. ஆனால் நோய் அபாயம் மிகுந்த முதியவர்களிடம் மூன்றாண்டுகளில் அறிவாற்றல் சரிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

ரத்த அழுத்தத்தின் மேல் அளவு நாற்பது வயதிலிருந்தே 130ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. தலைசுற்றல் இல்லை என்று மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. பட்டியலில் உள்ள காற்று மாசு அப்படியல்ல: அத்திப்பட்டு அனல்மின் நிலையம், நெடுஞ்சாலை லாரிகள், உலைகள் ஆகியவற்றின் புகையைத் தனி மனிதரால் தடுக்க இயலாது. அதைக் கட்டுப்படுத்துவது அரசின் பொறுப்பு.

மறதி எல்லாமே டிமென்ஷியா ஆகிவிடாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஓரிரு நாளில் திடீரெனப் புத்தி தடுமாறினால் அது தொற்றாகவோ உப்புச்சத்துக் குறைவாகவோ பக்கவாதமாகவோ இருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மெதுவாக வளரும் மறதிக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவ மையம் 2024இல் திறக்கப்பட்டது. முதியோர் உதவிக்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14567.