ஒருவருக்கு எவ்வளவு நீர்?

புவிப்பரப்பின் ஏறத்தாழ 71 விழுக்காடு நீரால் சூழப்பட்டுள்ளது. ஆயினும், உலகின் மொத்த நீரில் நன்னீர் ஏறத்தாழ 2.5 விழுக்காடே. அதிலும் பெரும்பகுதி பனிப்பாறைகளாக உறைந்தும் நிலத்தின் ஆழத்தில் தேங்கியும் உள்ளது. எஞ்சிய நன்னீர் எல்லா இடங்களிலும் ஒரே அளவில் இல்லை. மக்களும் எங்கும் ஒரே நெருக்கத்தில் வாழவில்லை. இவ்விரு வேறுபாடுகளையும் ஒருங்கே காட்டுவதே தனிநபர் நன்னீர் இருப்பு வரைபடமாகும்.

இவ்வரைபடத்திற்கு இருவகைத் தரவுகள் தேவை. முதலாவது, நீரளவு. செயற்கைக்கோள் தரும் நில உயரத் தரவுகளைக் கொண்டு, எப்பகுதியின் மழைநீர் எந்த ஆற்றைச் சேர்கிறது என்பதை அறிந்து ஆற்றுப்படுகைகளின் எல்லைகளை வரைவர். பெய்த மழையில் ஆவியானது போக, ஆற்றிலும் நிலத்தடியிலும் சேரும் நீரைக் கணக்கிடுவர். இரண்டாவது, மக்கள்தொகை. புவித்தகவல் அமைப்பு என்னும் கணினி முறை இவ்விரு தரவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறது. பின்னர், ஒவ்வொரு பகுதியின் ஆண்டு நீரளவு அங்கு வாழ்வோர் எண்ணிக்கையால் வகுக்கப்படுகிறது.

கிடைக்கும் விடைக்கேற்ப வரைபடத்தில் வண்ணம் தீட்டப்படும். சுவீடன் நாட்டு நீரியல் அறிஞர் மாலின் பால்கன்மார்க் வகுத்த அளவுகோலே இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. ஆண்டுக்கு ஒருவருக்கு 1,700 கன மீட்டருக்குக் குறைந்தால் நீர் நெருக்கடி. 1,000 கன மீட்டருக்குக் குறைந்தால் நீர்ப் பற்றாக்குறை. 500 கன மீட்டருக்கும் குறைந்தால் கடும் பற்றாக்குறை.

இந்தியாவின் ஆண்டு நீர்வளம் 1,86,900 கோடி கன மீட்டர் என நெடுங்காலம் மதிப்பிடப்பட்டு வந்தது. 1951இல் நாட்டின் மக்கள்தொகை 36.1 கோடி; எனவே ஒருவரின் பங்கு 5,177 கன மீட்டர். 2011இல் மக்கள்தொகை 121 கோடியாக உயர, அப்பங்கு 1,545 கன மீட்டராகச் சுருங்கியது. கணக்கில் கொண்ட நீரளவு ஒன்றே. பங்கு கொள்வோரே பெருகினர்.

எனினும், இச்சராசரி முழு உண்மையையும் உணர்த்துவதில்லை. மேற்கண்ட நீர்வளத்தில் நான்கில் ஒரு பங்கிற்கும் மேல் பிரம்மபுத்திராப் படுகையைச் சார்ந்தது. காவிரிப் படுகைக்கு உரியதோ ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. நாடு முழுவதற்கும் ஒரே வண்ணம் தீட்டினால் இவ்வேறுபாடு மறைந்துவிடும். படுகைவாரியாக வரைந்தால் அது வெளிப்படும்.

மேலும், ஓடும் நீர் அனைத்தும் பயன்படும் நீரன்று. மழை சில திங்களில் மட்டுமே மிகுதியாகப் பொழிவதாலும், எல்லா இடங்களிலும் நீரைத் தேக்க இயலாமையாலும் பெருமளவு நீர் கடலில் கலக்கிறது. பயன்படுத்தத்தக்க நீர் 1,12,300 கோடி கன மீட்டர் என்பது மதிப்பீடு. இதனை 121 கோடியால் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 928 கன மீட்டர். அதே நாடு, அதே ஆண்டு, அதே மக்கள்தொகை; ஆயினும், ‘நெருக்கடி’ என்றிருந்த நிலை ‘பற்றாக்குறை’ ஆகிவிடுகிறது.

குடிநீர்த் திட்டங்களையும் பாசனத் திட்டங்களையும் வகுப்போர் இத்தகைய வரைபடங்களை அடிப்படையாகக் கொள்கின்றனர். வரைபடம் வளமானது எனக் காட்டும் பகுதிக்குள் வறண்ட ஊர் ஒன்று இருப்பின், அதன் தேவை திட்டத்தில் இடம்பெறாமலே போகக்கூடும். ஆதலால், எந்த எல்லைக்குள், எந்தப் பருவத்தில், எந்த நீரைக் கணக்கிட்டனர் என்பதை அறிந்த பின்னரே வரைபடத்தின் வண்ணத்திற்குப் பொருள் காண வேண்டும்.