கட்டளை வரியில் தமிழ்

பௌர்ணமிக்கு மறுநாள் திருவண்ணாமலையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவை நினைத்துப் பாருங்கள். கிரிவலப் பாதையில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை மெமரி கார்டிலிருந்து இறக்க வேண்டும், தேதிவாரியாகப் பிரிக்க வேண்டும், இன்னொரு ஹார்டு டிஸ்கில் நகலும் எடுத்து வைக்க வேண்டும். அதே ஊரில் கோயில் கல்வெட்டுகளைப் படிக்கும் ஆய்வு மாணவி ஒருவர், தட்டச்சு செய்து வைத்திருக்கும் கோப்புகளில் ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடிக்கொண்டிருப்பார். இருவர் வேலையும் ஒரே வகைதான்: ஒரே செயலைப் பல கோப்புகளில் திரும்பத் திரும்பச் செய்வது. மவுஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது போய்விடும். யூனிக்ஸ் ஷெல்லில் ஒரு வரி போதும்.

நாம் தட்டும் கட்டளையை வாங்கி, கணினியிடம் அந்த வேலையைச் செய்விக்கும் நிரல்தான் ஷெல். அது ஓடும் ஜன்னல் டெர்மினல். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ்தான் இதன் தாய்வீடு. இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கும் 'பாஷ்' என்ற ஷெல்லை பிரையன் ஃபாக்ஸ் 1989-இல் வெளியிட்டார். வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானதும் அந்த ஆண்டுதான். மாவட்டத்தின் வயதே பாஷுக்கும்.

இதற்குப் புதிய கணினி வாங்க வேண்டியதில்லை. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பீரோ மேல் தூசி படிந்து கிடக்கும் அந்த மடிக்கணினி ஓடினால் அதுவே போதும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் வழியாகவும், ஆண்ட்ராய்டு போன் மட்டும் இருப்பவர்கள் டெர்மக்ஸ் செயலி வழியாகவும் இதே கட்டளைகளைப் பழகலாம்.

ஒரு குறிப்பு: இங்கே கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். கோப்பின் பெயரும் தேடும் சொல்லும் தமிழிலேயே இருக்கலாம்.

முதலில் விரல்களுக்கு

புதிதாகப் பழகுகிறவர்களை மிரட்டுவது தட்டச்சுதான். அதைப் பாதியாகக் குறைக்கும் வழிகள் ஷெல்லுக்குள்ளேயே இருக்கின்றன. கோப்புப் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியை ஷெல்லே நிரப்பும். மேல் அம்புக்குறி முந்தைய கட்டளையைக் கொண்டுவரும். போன வாரம் தட்டிய நீளமான கட்டளை வேண்டுமானால் கன்ட்ரோலும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தி, நினைவில் இருக்கும் ஒரு துண்டைத் தட்டினால் போதும், முழு வரியும் வந்து நிற்கும். ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விட்டுப் பழைய இடத்துக்கே திரும்ப 'சிடி -'. ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்த கன்ட்ரோலும் சியும். இந்த ஐந்தும் கைக்கு வந்துவிட்டால் பயம் விலகிவிடும்.

எட்டு வரிக் கோப்பு

பழகுவதற்கு ஒரு சிறு கோப்பு வேண்டும். கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களையும் திசையோடு வரிக்கு ஒன்றாக எழுதி 'லிங்கங்கள்' என்ற பெயரில் சேமியுங்கள். இந்திர லிங்கம், கிழக்கு. அக்னி லிங்கம், தென்கிழக்கு. யம லிங்கம், தெற்கு. இப்படியே நிருதி, வருண, வாயு, குபேர லிங்கங்கள் வழியாக வடகிழக்கில் ஈசானிய லிங்கம் வரை. இப்போது ஜி-ஆர்-இ-பி என்று தட்டும் 'கிரெப்' கட்டளையைக் கூப்பிடுங்கள்.

கிரெப் மேற்கு லிங்கங்கள்

மூன்று வரிகள் வரும்: நிருதி, வருண, வாயு. 'தென்மேற்கு', 'வடமேற்கு' என்ற சொற்களுக்குள்ளும் 'மேற்கு' இருப்பதால் அவையும் சிக்கின. வருண லிங்கம் மட்டும் வேண்டுமானால் முன்னால் இருக்கும் காற்புள்ளியையும் இடைவெளியையும் சேர்த்து மேற்கோள் குறிக்குள் தேடுங்கள்:

கிரெப் ', மேற்கு' லிங்கங்கள்

கிரெப்புக்குச் சொல் என்றால் என்னவென்று தெரியாது. கொடுத்த எழுத்துத் தொடர் வரியில் எங்கே இருந்தாலும் எடுத்துத் தரும். இந்த ஒன்று புரிந்தால் தேடுவதில் பாதி புரிந்தது.

எட்டு வரிக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். அருணாசலேசுவரர் கோயில் கல்வெட்டுகளைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990-இல் பி. ஆர். சீனிவாசன் பதிப்பில் வெளியிட்டது. அப்படிப்பட்ட பாடங்களைக் கல்வெட்டுக்கு ஒரு கோப்பாகத் தட்டச்சு செய்து வைத்திருப்பவருக்கு 'கிரெப் -ஆர்என் நந்தாவிளக்கு .' என்ற ஒரே வரி, கோப்புறைக்குள் கோப்புறையாக நுழைந்து, எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் அந்தச் சொல் இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிவிடும். ஆர் உள்கோப்புறைகளுக்கு, என் வரி எண்ணுக்கு, கடைசிப் புள்ளி 'இப்போது நிற்கும் இடம்' என்பதற்கு.

பைப் செய்யும் வேலை

பெல் ஆய்வுக்கூடத்தின் டக் மெக்கில்ராய் வற்புறுத்தியதால் 1973-இல் யூனிக்ஸில் சேர்ந்தது பைப். நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடுதான் அதன் குறி: |. சன்னதித் தெருவில் ஒருவர் பூவை ஆய்ந்து தள்ள, அடுத்தவர் தொடுக்க, மூன்றாமவர் முழம் போடுவதைப் போல, ஒரு கட்டளை தரும் விடையை அடுத்த கட்டளை வாங்கிக்கொள்கிறது. ஒரு நீண்ட கோப்பில் அதிகம் வரும் பத்துச் சொற்கள் எவை?

டிஆர் -எஸ் ' ' '\என்' < கல்வெட்டுகள் | சார்ட் | யூனிக் -சி | சார்ட் -என்ஆர் | ஹெட்

முதல் கட்டளை இடைவெளிகளை வரி முறிவாக்கிச் சொல்லுக்கு ஒரு வரி ஆக்குகிறது. 'சார்ட்' ஒரே சொற்களை அடுத்தடுத்து நிறுத்துகிறது. யு-என்-ஐ-கியூ என்று தட்டும் 'யூனிக்' அடுத்தடுத்து நிற்பவற்றை ஒன்றாக்கி எண்ணிக்கை போடுகிறது. அடுத்த 'சார்ட்' பெரிய எண்ணை மேலே கொண்டுவருகிறது. 'ஹெட்' முதல் பத்தை மட்டும் காட்டுகிறது. இதற்கென்று தனி மென்பொருள் யாரும் எழுதவில்லை. இதே தொடரில் லாட்ஜ் பதிவேட்டின் ஊர்ப் பெயர்களைக் கொடுத்தால், எந்த ஊரிலிருந்து அதிகம் பேர் வருகிறார்கள் என்பது தெரியும்.

தமிழுக்கென்று தெரிய வேண்டியவை

இந்தக் கருவிகள் பிறந்தபோது தமிழை யாரும் நினைக்கவில்லை. ஆனாலும் அவை தமிழைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. யூனிக்ஸை உருவாக்கிய அதே கென் தாம்சன், 1992-இல் ராப் பைக்குடன் சேர்ந்து யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தை வடிவமைத்தார். பழைய கருவிகள் உடையாமல் உலக மொழிகள் அத்தனையும் அவற்றின் வழியாகப் போக வேண்டும் என்பதே அதன் நோக்கம். நாம் இன்று சேமிக்கும் தமிழ் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

ஆனால் கணினியின் எழுத்துக் கணக்கும் நம் எழுத்துக் கணக்கும் ஒன்றல்ல. 'திருவண்ணாமலை' நமக்கு 7 எழுத்து. 'பிரிண்ட்எஃப் திருவண்ணாமலை | டபிள்யூசி -எம்' என்று கேட்டால் 12 என்று வரும்; '-எம்' இடத்தில் '-சி' போட்டால் 36. உயிர்மெய்யை அகரமேறிய மெய்யும் அதன்மேல் ஒரு குறியுமாக யூனிகோடு பிரித்து வைக்கிறது: 'தி' என்பது 'த'வும் இகரக் குறியும். அப்படி 12 அலகுகள், அலகுக்கு 3 பைட், ஆக 36. நாம் எண்ணும் 7 வேண்டுமானால் 'கிரெப்' கட்டளையை '-ஓ', பெரிய எழுத்தில் '-பி' ஆகிய இரண்டோடும் கூப்பிட்டு, மேற்கோளுக்குள் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் கொடுத்து, விடையை 'டபிள்யூசி -எல்' வழியே அனுப்புங்கள். எழுத்துக்கு ஒரு வரியாகப் பிரித்து எண்ணும்.

இந்தக் கணக்கு தெரிந்தால் தேடலும் கூர்மையாகும். 'கோயில்' என்று தேடினால் 'கோயிலில்', 'கோயிலுக்கு' எதுவும் கிடைக்காது. அங்கே லகரத்தின் மேல் புள்ளி இல்லை. புள்ளியை விட்டுவிட்டு 'கோயில' என்று தேடுங்கள். புள்ளி தனி அலகு என்பதால் 'கோயில்' உட்பட எல்லா வேற்றுமை வடிவங்களும் வந்துவிடும். கடைசிப் புள்ளியை நீக்கித் தேடுவது தமிழில் கிரெப் பயன்படுத்துவோர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய உத்தி. 'கோவில்' என்றும் எழுதியிருப்பார்கள் என்றால் 'கிரெப் -இ கோயில -இ கோவில' என்று இரண்டையும் கொடுக்கலாம்.

சில நேரம் கண்ணெதிரே சொல் இருக்கும், கிரெப் இல்லை என்னும். 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே அலகாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு அலகாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. 'யூகான்வ் -எக்ஸ் என்எஃப்சி' வழியாகக் கோப்பை ஒருமுறை ஓட்டினால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும்.

மேலே பார்த்த 'டிஆர்' கட்டளையின் ஜிஎன்யூ வடிவம் பைட் பைட்டாகவே வேலை செய்யும். இடைவெளியை மாற்ற அது சரி. தமிழ் எழுத்தை மாற்றக் கொடுத்தால் சிதைத்துவிடும். அதற்கு 'செட்' என்று சொல்லப்படும் எஸ்-இ-டி கட்டளையே பாதுகாப்பு.

பெயர்ப்பட்டியலை அடுக்கும்போதும் கவனம் தேவை. யூனிகோடு அட்டவணையில் 'ன' நகரத்துக்கு அடுத்தும், 'ற' ரகரத்துக்கு அடுத்தும் உட்கார்ந்திருக்கின்றன. மொழி அமைப்பு 'சி' என்று இருந்தால் 'சார்ட்' அந்த எண் வரிசையில்தான் அடுக்கும். 'லோக்கேல்' என்று தட்டி முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கோப்புகளுக்கும் வழி உண்டு. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் தொடக்க கால மின்னூல்களை டிஸ்கி குறியாக்கத்தில் வெளியிட்டது. அந்தக் காலத்துக் கோப்பு திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். லினக்ஸின் 'ஐகான்வ்' கட்டளைக்கு டிஸ்கி தெரியும். '-எஃப்' பக்கம் டிஸ்கியும் '-டி' பக்கம் யூடிஎஃப்-8-ம் கொடுத்தால் தமிழாகிவிடும்.

படங்களும் நகலும்

ஸ்டுடியோவுக்கு வருவோம். டிஸ்க் நிரம்பிவிட்டதா? 'டியூ -எஸ்ஹெச் * | சார்ட் -ஹெச்' எந்தக் கோப்புறை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதைச் சிறியதிலிருந்து பெரியதாகக் காட்டும். படங்களைத் தேட 'ஃபைண்ட்' இருக்கிறது. அதில் '-நேம்' போடாமல் '-ஐநேம்' போடுங்கள், கேமரா கோப்பின் வால்பகுதியைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாலும் சிக்கும்.

கேமரா படங்களுக்குப் போடும் எண் 9999 வரை போய் மீண்டும் 0001-இல் தொடங்கும். கார்த்திகை தீபத்தன்று எடுத்த படமும் சித்திரா பௌர்ணமியன்று எடுத்த படமும் ஒரே பெயரில் இருக்கக்கூடும். 'சிபி', 'எம்வி' இரண்டும் கேட்காமலே பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். '-என்' சேர்த்தால் இருப்பதைத் தொடாது. நகல் எடுக்க ஆர்-எஸ்-ஒய்-என்-சி என்ற 'ஆர்சிங்க்' சிறந்தது; மாறியதை மட்டும் அனுப்பும். முதலில் '-ஏவிஎன்' என்று ஓட்டினால் என்ன செய்யப்போகிறது என்று சொல்லுமே தவிரச் செய்யாது. பட்டியல் சரியென்றால் 'என்'னை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

அழிப்பதற்கு முன்

'ஆர்எம்' கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது. அழித்தால் அழித்ததுதான். அதனால் அழிக்கும் முன் அதே கோப்புப் பெயர்களை 'எல்எஸ்' கட்டளைக்குக் கொடுத்து, எவையெல்லாம் போகும் என்று பார்த்துவிடுங்கள். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி கட்டாயம்: 'கார்த்திகை தீபம்' என்பதை வெறுமனே தட்டினால் ஷெல் அதை 'கார்த்திகை', 'தீபம்' என்று இரண்டு கோப்புகளாக எடுத்துக்கொள்ளும். விடையைக் கோப்பில் சேமிக்கும் '>' குறி அங்கே இருப்பதை அழித்துவிட்டு எழுதும்; '>>' இருப்பதன் கடைசியில் சேர்க்கும்.

இத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எம்-ஏ-என் என்று தட்டி, பக்கத்தில் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் அதன் கையேடு திறக்கும். தமிழில் படிக்க விரும்புவோருக்குக் கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவருகிறது. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கிரெப் இன்றும் ஓடுகிறது. எளிய உரையாக, யூனிகோடில் வைத்த தமிழை அது நாளையும் தேடித்தரும். ஆகவே கடைக் கணக்கோ கல்வெட்டுப் பாடமோ, எளிய உரைக் கோப்பாகவும் ஒரு படி வைத்திருங்கள். இன்று எட்டு லிங்கங்களைத் தட்டச்சு செய்து தேடிப் பார்த்தவர், அடுத்த வாரம் தம் சொந்தக் கோப்புகளில் தேடத் தொடங்கலாம்.